அப்பாவின் ஸ்டேஷன் வேகன் என்ன விலைக்குப் போகும்?

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா காலமாகி ஆறு மாதம் ஆகிறது. பிள்ளைகள் மூன்று பேர், மூன்று ஊரில் இருக்கிறார்கள். வீட்டை வாங்க ஆள் கிடைத்துவிட்டது. சோபா, கட்டில், பீங்கான் தட்டு, தையல் மெஷின் எல்லாம் பங்கு பிரித்தாயிற்று. மிச்சம் இருப்பது கராஜில் நிற்கும் ஒரே ஒரு சாமான். 1975-ம் வருஷத்து ஷெவர்லே காப்ரிஸ் எஸ்டேட். இரண்டு பக்கமும் மரப்பலகை மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிய, 19 அடி நீள ஸ்டேஷன் வேகன்.

மூத்தவன் விற்றுவிடலாம் என்கிறான். நடுவில் பிறந்தவள் கூடவே கூடாது என்கிறாள். கடைக்குட்டிக்கு வைத்துக்கொள்ள ஆசைதான், ஆனால் அவன் குடியிருப்பது நாலாவது மாடியில். கீழே அவனுக்கு ஒதுக்கியிருக்கும் இடத்தில் இந்த வண்டியை விட்டால் பின்பாதி ரோட்டில் நிற்கும்.

இந்தக் குடும்பம் கற்பனை. ஆனால் இந்தப் பேச்சு அமெரிக்காவில் ஏதோ ஒரு கராஜில் நடந்துகொண்டேதான் இருக்கிறது. இந்த மாதிரி வண்டியைப் புதிதாக வாங்கிய தலைமுறை கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. பின்சீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போன பிள்ளைகளுக்கு இப்போது அறுபதை ஒட்டி வயசு. 'இது என்ன விலைக்குப் போகும்?' என்று கேட்பது பண ஆசையால் மட்டும் இல்லை. இவ்வளவு பெரிய சாமானை என்ன செய்வது என்று தெரியாதவர்கள் முதலில் கேட்கிற கேள்வி அதுதான்.

அளவு பற்றி முதலில். 19 அடி என்றால் 5.8 மீட்டர். நம் ஊர் மாருதி 800-ஐ ஒன்றே முக்கால் தடவை அடுக்கினால் வரும் நீளம். எடை இரண்டே கால் டன் பக்கம். பின்னால் இருக்கிற இரண்டு வரிசை சீட்டையும் மடக்கிவிட்டால் 4 அடிக்கு 8 அடி ப்ளைவுட் பலகையைப் படுக்கவைத்துக் கதவையும் மூடிவிடலாம். முன்னால் 6.6 லிட்டர் வி-8 எஞ்சின். இத்தனை பெரிய எஞ்சின் எவ்வளவு சக்தி கொடுக்கும் என்கிறீர்கள்? 200 குதிரைத்திறனைக்கூட எட்டாது! புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்த புதிதில், அதைச் சமாளிக்கத் தெரியாமல் கம்பெனிகள் எஞ்சின் குரல்வளையை நெரித்துவைத்த காலம் அது. மைலேஜைக் கேட்டால் சிரிப்பீர்கள். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கிடைத்தால் பெரிசு.

அப்புறம் ஏன் இதற்கு இத்தனை மவுசு?

அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். ஸ்டேஷன் வேகன் என்ற பெயரிலேயே ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. ரயிலை விட்டு இறங்குகிறவர்களையும் அவர்கள் பெட்டி படுக்கைகளையும் ஓட்டலுக்கோ பண்ணை வீட்டுக்கோ ஏற்றிப்போன வண்டிகள் இவை. ஃபோர்டு மாடல்-டி சேஸிஸ் மேல் தச்சர்கள் மரத்தில் கூடு கட்டிக் கொடுப்பார்கள். 1929-ல் ஃபோர்டு கம்பெனி தன் மாடல்-ஏ வரிசையிலேயே ஸ்டேஷன் வேகனைச் சேர்த்தது. அதற்கான மரம் மிச்சிகன் மாநிலத்தில் அயர்ன் மவுன்டன் என்ற ஊரிலிருந்து, ஃபோர்டின் சொந்தக் காட்டிலிருந்தே வந்தது. (அறுத்துப்போட்ட மரத்துண்டை வீணாக்க மனசில்லாமல் கரிக்கட்டியாக்கி விற்றார் ஹென்றி ஃபோர்டு. இன்றைக்கும் அமெரிக்கர்கள் பார்பெக்யூ போடப் பயன்படுத்தும் கிங்ஸ்ஃபோர்டு கரியின் பூர்வீகம் அதுதான். கார் கம்பெனியின் கழிவில் கோழி வெந்த கதை!)

மரக் கூண்டு பார்க்க லட்சணமாக இருக்கும், வைத்துக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. வருஷா வருஷம் வார்னிஷ் அடிக்கவேண்டும். மழை பட்டால் மூட்டு விட்டுப்போகும், கறையான் வரும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் வில்லிஸ் ஜீப், பிளிமத் சபர்பன் போன்ற முழு இரும்பு வேகன்கள் வந்ததும் மரத்துக்கு மரியாதை போயிற்று. ஃபோர்டு 1950-ல் கன்ட்ரி ஸ்கொயர் என்ற பெயரை அறிமுகப்படுத்தியபோது பக்கவாட்டில் நிஜ மரம் இருந்தது. 1952-ல் இரும்பு உடம்பும் மரம் மாதிரி படம் ஒட்டிய அலங்காரமும் வந்துவிட்டன. அதற்குப் பின் சுமார் நாற்பது வருஷம், 1991 மாடல் வரை, ஃபோர்டு அந்த ஸ்டிக்கரை விடவில்லை. மரத்தில் செய்த வண்டி வைத்திருப்பவன் பெரிய வீட்டுக்காரன் என்ற பழைய ஞாபகத்தை காகித கனத்தில் ஒட்டி விற்றார்கள். ஜனங்களும் கூடுதல் காசு கொடுத்து வாங்கினார்கள். ஸ்டிக்கர் ஒட்டிய மாடல்தான் வரிசையிலேயே விலை அதிகம்.

1956-ல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்து நாடு முழுக்க அகல ரோடு போட ஆரம்பித்தார்கள். நகரத்துக்கு வெளியே புறநகர் வீடுகள் முளைத்தன. வீட்டுக்கு மூணு, நாலு குழந்தை. கோடை லீவு விட்டால் போதும், அப்பா ஓட்ட, அம்மா பக்கத்தில் மேப்பை விரித்துக்கொள்ள, ஆயிரம் மைல் பயணம். அதற்கென்றே அளவெடுத்துத் தைத்த வண்டி இது.

பின்சீட்டு விஷயத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கொள்கை. கிரைஸ்லர் 1957-லேயே மூன்றாவது வரிசையைப் பின்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்தது. போகிற வழி தெரியாது, கடந்து வந்த வழிதான் தெரியும். பின்னால் வரும் லாரிக்காரனுக்குக் கையாட்டலாம், பழிப்புக் காட்டலாம், வயிற்றைப் புரட்டினால் அவனுக்கு நேராகவே வாந்தியும் எடுக்கலாம். ஃபோர்டில் இரண்டு குட்டி சீட்டுகள் எதிரும் புதிருமாக இருக்கும், நம் ஊர் ஜீப்பின் பின்பக்கம் மாதிரி. நடுவில் காலை வைத்துக்கொண்டு அண்ணன் தங்கை உதைத்துக்கொள்ள வசதி.

ஜெனரல் மோட்டார்ஸ் 1971-லிருந்து 1976 வரை செய்த பெரிய வேகன்களில் ஒரு விசேஷம் உண்டு. அந்த கராஜில் நிற்பதும் அதில் ஒன்றுதான். பின்கதவு வெளியே திறக்காது. சாவியைத் திருகினால் கண்ணாடி மேலே எழும்பிக் கூரைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். கீழ்ப்பாதிக் கதவு அப்படியே இறங்கித் தரைக்கு அடியில் சறுக்கிப் போய்விடும். கொஞ்ச நேரத்தில் வண்டிக்குப் பின்பக்கமே இல்லை! சிப்பி மாதிரி இருப்பதால் 'க்ளாம்ஷெல்' என்று பெயர். இதைப் பார்த்த எந்தச் சிறுவனும் ஆயுசுக்கும் மறக்கமாட்டான். ஐம்பத்தைந்து வயசில் செக் புத்தகத்தோடு வந்து நிற்பவனும் அதே சிறுவன்தான்.

அழகு சரி, ஆபத்தையும் சொல்லவேண்டும். நீண்ட பயணத்தில் சீட்டை மடக்கிப் போர்வையை விரித்துப் பிள்ளைகளை அப்படியே உருட்டிவிடுவார்கள். பெல்ட்டாவது ஒன்றாவது. பின்கண்ணாடியைத் திறந்து வைத்தால் வண்டி போகிற வேகத்தில் சைலன்சர் புகை உள்ளே திரும்பி வரும், அதையும் சுவாசித்துக்கொண்டு போவார்கள். முன்னால் அப்பா கையில் சிகரெட். 'அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாகத்தானே இருந்தோம்' என்று சொல்பவர்கள் நன்றாக இருந்தவர்கள் மட்டும்தான். இல்லாமல் போனவர்கள் வந்து சொல்ல முடியாதே.

சரி, இத்தனை வண்டியும் எங்கே போயிற்று?

பெட்ரோல் விலைதான் கொன்றது என்பது பாதி உண்மை. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1975-ல் அமெரிக்க நாடாளுமன்றம் மைலேஜ் சட்டம் போட்டது, 1978 மாடலிலிருந்து அமலுக்கு வந்தது. அதில்தான் ஒரு வேடிக்கை. ஸ்டேஷன் வேகன் சட்டப்படி கார், காருக்கு விதி கடுமை. மினிவேனும் எஸ்.யு.வி.யும் சட்டப்படி லேசு ரக லாரி, லாரிக்கு விதி இளக்காரம். 1983 கடைசியில் கிரைஸ்லர் தன் மினிவேனைக் கொண்டுவந்தது. ஏழு பேர் போகலாம், உயரம் அதிகம், நீளம் கம்மி, எந்த கராஜிலும் நுழையும். அம்மாக்கள் அதற்கு மாறினார்கள். அந்த மினிவேனும் பிற்பாடு கேலிக்கு ஆளாகி எல்லோரும் எஸ்.யு.வி.க்குப் போனது தனிக்கதை. கடைசியாக மிஞ்சிய ஷெவர்லே காப்ரிஸ் வேகனும் ப்யூக் ரோட்மாஸ்டர் எஸ்டேட்டும் 1996-ல் நின்றன. டெக்ஸாஸில் ஆர்லிங்டன் தொழிற்சாலை லாபம் கொழிக்கும் பெரிய எஸ்.யு.வி.க்களுக்குத் திரும்பியது. பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் போட்ட சட்டம், அதே அளவு பெட்ரோல் குடிக்கிற இன்னொரு வண்டியை வளர்த்துவிட்டது.

விற்றதில் பெரும்பாலானவை உருப்படியாக எஞ்சவில்லை. இதுதான் விலைக்கு முக்கியக் காரணம். கன்வர்ட்டிபிள் வாங்கியவன் அதைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொள்வான். வேகன் வாங்கியவன் அதில் செங்கல் ஏற்றுவான், நாயை ஏற்றுவான், காலேஜ் போகிற பையனுக்குக் கொடுப்பான். பையன் அதை ஒரு மரத்தில் கொண்டுபோய் மோதுவான். இருநூறு, முந்நூறு டாலருக்கு வந்தவற்றை 'டெமாலிஷன் டெர்பி' என்ற விளையாட்டுக்காரர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். மைதானத்தில் வண்டிகளை ஒன்றோடொன்று மோதவிட்டு, கடைசிவரை ஓடுவது எது என்று பார்க்கிற விளையாட்டு. நீளமான கனத்த வேகன் என்றால் அவர்களுக்கு அல்வா, பின்பக்கத்தால் இடித்துக்கொண்டே இருக்கலாம். க்ளாம்ஷெல் வேகன்கள் நிறைய அப்படித்தான் போயின. 2009-ல் அரசாங்கம் பழைய வண்டியைக் கொடுத்தால் புது வண்டிக்குச் சலுகை என்று ஒரு திட்டம் போட்டது. சுமார் 6 லட்சத்து 80 ஆயிரம் வண்டிகள் வந்தன. எஞ்சினில் சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி ஓடவிட்டுக் கொன்றார்கள். 25 வருஷத்துக்கு உட்பட்டவைதான் என்பதால் 1975 வண்டிக்கு ஆபத்தில்லை. ஆனால் எண்பதுகளின் பிற்பாதியில் வந்த கன்ட்ரி ஸ்கொயர்களுக்கு வாசல் திறந்தே இருந்தது.

இப்போது விலைக்கு வரலாம்.

பழைய வண்டிச் சந்தையில் 'வருஷம், மாடல்' மட்டும் சொன்னால் விலை சொல்லமாட்டார்கள். நிலைமை என்ன என்பார்கள். காட்சிக்கு வைக்கிற மாதிரி இருந்தால் முதல் தரம், ஓடுகிறது ஆனால் அடிபட்டிருக்கிறது என்றால் நாலாம் தரம். ஒரே மாடலில் இரண்டுக்கும் நடுவே மூணு, நாலு மடங்கு வித்தியாசம் வரும். பெரிய வேகன்களில் உத்தேசமாகச் சொன்னால், ஓடாமல் துருப்பிடித்து நிற்பது சில ஆயிரம் டாலர். ஓட்டிக்கொண்டு போகலாம் என்ற அளவில் இருந்தால் பத்தாயிரத்துக்கு முன்பின். துருவே இல்லாமல், ஸ்டிக்கர் உரியாமல், குறைந்த மைல் ஓடி, முதல் பில்லும் கையில் இருந்தால் இருபது, முப்பதாயிரம் என்று ஏறும். 1955 முதல் 57 வரை வந்த இரண்டு கதவு ஷெவர்லே நோமாட் தனி ஜாதி. மூன்று வருஷத்துக்கும் சேர்த்து 22 ஆயிரம் சொச்சம்தான் செய்தார்கள். நன்றாகப் புதுப்பித்தது 50 ஆயிரம் டாலருக்கு மேலே பேசும்.

துரு என்ற சொல்லை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒஹாயோவில் குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பு சேஸிஸைத் தின்றுவிடும். அரிசோனாவின் வறண்ட வெயிலில் நின்ற வண்டிக்கு ஸ்டிக்கர் வெளுத்திருக்கும், சீட் வெடித்திருக்கும், ஆனால் எலும்பு திடமாக இருக்கும். வாங்குகிறவன் அதைத்தான் எடுப்பான். கலிஃபோர்னியாக்காரனுக்கு இன்னொரு கணக்கு. அங்கே 1975 வரை உள்ள மாடல்களுக்குப் புகைச் சோதனை கிடையாது, 1976-லிருந்து உண்டு. அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் இரண்டு க்ளாம்ஷெல் வேகன்களில் ஒரு வருஷ வித்தியாசத்துக்காக ஒன்றை அவன் தொடமாட்டான். அந்த வகையில் நம் கராஜ் வண்டி தப்பித்தது!

உதிரி பாகம் இன்னொரு தலைவலி. எஞ்சினுக்குக் கவலையே இல்லை, ஷெவர்லே வி-8 பாகங்கள் எங்கும் கிடைக்கும். முன்பாதியும் அதே வருஷத்து செடானோடு ஒத்துப்போகும். வேகனுக்கு மட்டும் உரிய பாகங்கள் இருக்கின்றனவே, வளைந்த பின்பக்கக் கண்ணாடி, கூரை மேல் கம்பி, மூன்றாவது வரிசை சீட், க்ளாம்ஷெல் மோட்டார், அதன் தண்டவாளம்... இவற்றை யாரும் புதிதாகச் செய்வதில்லை. இன்னொரு செத்த வேகனிலிருந்து பிடுங்கவேண்டும். ஸ்டிக்கரைப் புதிதாக ஒட்டலாம், ஆனால் அந்த வேலைக்கும் பெயின்ட்டுக்கும் ஓரத்துப் பட்டிகளுக்கும் சேர்த்துக் கொடுக்கிற காசு வண்டி விலையைத் தாண்டிவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் 'புதுப்பிக்காதே, புதுசு மாதிரி இருப்பதைத் தேடு' என்கிறார்கள்.

மூத்தவனுக்குப் பிடிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. 1975-ல் இந்த வண்டியின் ஆரம்ப விலை சுமார் ஐந்தாயிரம் டாலர். அன்றிலிருந்து அமெரிக்க விலைவாசி ஏறக்குறைய ஆறு மடங்கு ஏறியிருக்கிறது. அப்படியானால் ஒரு கீறல்கூட இல்லாத வண்டி இன்று முப்பதாயிரத்துக்குப் போனாலும், அப்பா கொடுத்த காசு அப்படியே திரும்பி வருகிறது, அவ்வளவுதான். ஐம்பது வருஷ இன்ஷூரன்ஸ், டயர், பேட்டரி, கார்புரேட்டர் ரிப்பேர், கராஜில் அடைத்த இடம் எதுவும் அதில் சேராது. ரோட்மாஸ்டரும் இதே கதைதான். 1996-ல் சுமார் 27 ஆயிரம் டாலர். அதற்குப் பின் விலைவாசி இரண்டு மடங்கு. மிக நல்ல ஒன்று இன்று முப்பதாயிரத்தைத் தொட்டால் 'ஆகா, போட்டதற்கு மேலே வந்துவிட்டது' என்று பத்திரிகையில் எழுதுவார்கள். உண்மையில் பாதி போயிற்று. இருந்தாலும் ரோட்மாஸ்டர் ஓட்டச் சுகம். 1994-லிருந்து அதில் 260 குதிரைத்திறன் தரும் எஞ்சின், ஏசி வேலை செய்யும், ஏர்பேக் உண்டு. முதலீடு என்று வாங்காமல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

காத்திருந்தால் விலை ஏறுமா? மர வேகன்களைப் பாருங்கள். ஐம்பது, அறுபதுகளில் அவற்றைச் சீந்துவாரில்லை. கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்கும் இளைஞர்கள் பலகை நுழைகிறதே என்று சல்லிசாக வாங்கி ஓட்டினார்கள். அவர்கள் வளர்ந்து சம்பாதித்ததும் அதே வண்டி விலை எங்கோ போயிற்று. அந்தத் தலைமுறைக்கு வயதாகி, மாடிப்படி ஏற முடியாமல் வீட்டைச் சுருக்கிக்கொள்ள ஆரம்பித்ததும் பல ரகங்களின் விலை இறங்கியது. வண்டி மாறவில்லை. அதில் உட்கார்ந்து போனவர்கள் குறைந்துவிட்டார்கள். எழுபதுகளின் வேகனுக்கு இன்னும் கொஞ்சம் வருஷம் இருக்கிறது. 1983-ல் வந்த 'நேஷனல் லாம்பூன்ஸ் வெக்கேஷன்' படத்தில் கன்ட்ரி ஸ்கொயரை விகாரமாக்கிக் கிண்டல் பண்ணினார்கள். அந்த விகாரத்தையே நகல் எடுத்து ஓட்டுகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். படத்தைப் பார்த்துச் சிரித்த பையன்கள் போனபின் அதை யார் வாங்குவார்கள்?

திரும்ப அந்த கராஜுக்கு. விளம்பரம் போட்டு நாலு நாளில் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவன் பக்கத்து மாவட்டத்துக்காரன், ஓடுகிறதா என்றுகூடக் கேட்கவில்லை, கையில் ரொக்கம், நாளைக்கே டிரெய்லரோடு வருகிறேன் என்கிறான். அவன் டெர்பிக்காரன் என்பது மூத்தவனுக்குத் தெரியும், அதை மற்ற இருவரிடமும் சொல்லவில்லை. இன்னொருவர் இரண்டு மாநிலம் தள்ளி இருக்கிறார். மூன்றாவது வரிசை சீட் இருக்கிறதா, கண்ணாடி ஏறுகிறதா, அடியில் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று ஒன்பது கேள்வி. விலை கூடவே கொடுப்பார், ஆனால் வந்து பார்க்க மூன்று வாரம் ஆகும். வீட்டுச் சாவியை 30-ம் தேதி ஒப்படைக்கவேண்டும்.

நடுப்பெண் புது பேட்டரி வாங்கப் போயிருக்கிறாள். கடைக்குட்டி வண்டிக்குப் பின்னால் சாவியை வைத்துக்கொண்டு நிற்கிறான்.